டயட்டீஷியன் ஆக: பிளஸ் டூ முதல் ஆர்.டி. எண் வரை, வடசென்னை மாணவர்களுக்கு

வியாசர்பாடியிலோ தண்டையார்பேட்டையிலோ ஒரு ஜிம்முக்குள் நுழைந்தால் சுவரில் டயட் சார்ட் ஒட்டியிருக்கும். கீழே ஒரு பெயர், பக்கத்தில் ‘சர்டிஃபைடு நியூட்ரிஷனிஸ்ட்’. அந்தச் சான்றிதழ் பல நேரம் மூன்று மாத ஆன்லைன் படிப்பில் வந்ததாக இருக்கும். படிப்பில் விஷயம் இல்லை என்று சொல்ல வரவில்லை. ஆனால் அதை வைத்து ஆஸ்பத்திரி வார்டில் ஒரு நோயாளிக்கு என்ன கொடுக்கலாம், எதை நிறுத்தலாம் என்று எழுதிக் கையெழுத்துப் போட முடியாது. கையெழுத்துப் போடும் இடத்துக்கு வர, பிளஸ் டூவுக்குப் பிறகு நாலரை முதல் ஆறு ஆண்டுகள் பிடிக்கும். அந்த ஆண்டுகளில் தடுக்கி விழுகிறவர்கள் பெரும்பாலும் பாடத்தில் விழுவதில்லை. தப்பான படிப்பைத் தேர்ந்தெடுத்து, அல்லது சரியான காகிதத்தைச் சரியான நேரத்தில் வாங்காமல் விழுகிறார்கள்.

‘லைசென்ஸ்’ என்று எதைச் சொல்கிறோம்

நம் நாட்டில் இரண்டு தனித்தனிப் பதிவுகள் உண்டு. இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

ஒன்று, ஆர்.டி., அதாவது ‘ரெஜிஸ்டர்டு டயட்டீஷியன்’. இதைத் தருவது 1963இல் தொடங்கிய இந்தியன் டயட்டெடிக் அசோசியேஷன், சுருக்கமாக ஐ.டி.ஏ. இது தொழில் சங்கம் தேர்வு வைத்துத் தரும் தகுதி, அரசு தரும் உரிமம் இல்லை. ஆனாலும் கார்ப்பரேட் ஆஸ்பத்திரி விளம்பரங்களில் ‘ஆர்.டி. இருந்தால் முன்னுரிமை’ என்ற வரியை அடிக்கடி பார்க்கலாம். ஐ.டி.ஏ. உறுப்பினர் எண் வேறு, ஆர்.டி. எண் வேறு. உறுப்பினராகச் சேர்ந்துவிட்டு விசிட்டிங் கார்டில் ஆர்.டி. என்று அச்சடிப்பது பொய்.

இன்னொன்று, சட்டப்படியான பதிவு. 2021இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய துணை மற்றும் சுகாதாரத் தொழில்கள் தேசிய ஆணையச் சட்டம், பத்து வகைத் தொழில்களைத் தன் அட்டவணையில் வைத்திருக்கிறது. அதில் ஊட்டச்சத்துத் துறையும் ஒன்று. டயட்டீஷியன், நியூட்ரிஷனிஸ்ட் இரண்டும் அதற்குள் வருகின்றன. இந்தச் சட்டப்படி பெயர் ஏறுவது மாநிலக் கவுன்சிலின் பதிவேட்டில். பதிவில்லாமல் பதிவு பெற்றவர்போலக் காட்டிக்கொண்டால் 50,000 ரூபாய் வரை அபராதத்துக்கு இடமுண்டு. சுகாதாரத் தொழிலர் என்று ஏற்க, சட்டம் எதிர்பார்ப்பது 3 முதல் 6 ஆண்டுகளுக்குள் குறைந்தது 3,600 மணி நேரம் படித்த பட்டம். மூன்று மாதச் சான்றிதழ் இந்தக் கணக்கில் எங்கே நிற்கும் என்று நீங்களே பார்த்துக்கொள்ளலாம்.

ஆர்.டி. இருந்தால் கவுன்சில் பதிவு தேவையில்லை என்றோ, கவுன்சில் பதிவு வந்தால் ஆர்.டி. வீண் என்றோ யாராவது சொன்னால் நம்பாதீர்கள். முதலாவது வேலை வாங்கித் தரும், இரண்டாவது சட்டத்துக்கு.

பிளஸ் டூ முடித்ததும்

கெமிஸ்ட்ரியும் பயாலஜியும் படித்திருந்தால் பிரச்சினையே இல்லை. மனையியல் பிரிவு மாணவிகளையும் சில கல்லூரிகள் எடுக்கின்றன. காமர்ஸ் குரூப் படித்துவிட்டு இந்தப் பக்கம் வர நினைப்பவர்கள், சேர்க்கை விதியை வரிக்கு வரி படித்துவிட்டே பணம் கட்ட வேண்டும்.

சென்னையில் இந்தப் படிப்புக்குப் பழைய பெயர் உள்ள இடங்கள் பலவும் பெண்கள் கல்லூரிகள். கடற்கரைச் சாலையில் ராணி மேரிக் கல்லூரி அரசுக் கல்லூரி. அங்கே மனையியல் துறை இருக்கிறது. எழும்பூரில் எத்திராஜ், நுங்கம்பாக்கத்தில் டபிள்யூ.சி.சி. (மகளிர் கிறித்துவக் கல்லூரி), தேனாம்பேட்டையில் பஷீர் அகமது சையது கல்லூரி. விம்கோ நகர், திருவொற்றியூர், வண்ணாரப்பேட்டை மாணவிகளுக்கு எழும்பூர் இப்போது தூரமில்லை: மெட்ரோவில் சென்ட்ரல் வரை வந்து, பச்சை வழித்தடம் மாறினால் அடுத்த நிறுத்தம். பையன்களுக்குத்தான் கஷ்டம். அவர்களுக்குப் போரூர் ராமச்சந்திரா போன்ற நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் அல்லது தனியார் இருபாலர் கல்லூரிகள்தான் வழி; செலவும் அதற்கேற்ப ஏறும். வீட்டில் முன்கூட்டியே பேசிவிடுங்கள்.

அரசுக் கல்லூரிச் சேர்க்கைக்கு நுழைவுத் தேர்வு கிடையாது, பிளஸ் டூ மதிப்பெண்தான். விண்ணப்பம் ஆன்லைனில், ரிசல்ட் வந்த கையோடு தொடங்கிவிடும். ஆறாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்த மாணவிகளுக்குப் புதுமைப் பெண் திட்டத்திலும், மாணவர்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதம் 1,000 ரூபாய் வரும். பஸ், ரயில் பாஸ் போக நோட்டு வாங்கவும் மிஞ்சும்.

சேரும் முன் துறைத் தலைவரிடம் மூன்று கேள்விகளை நேரில் கேளுங்கள். பட்டத்தின் முழுப் பெயர் என்ன? கடைசி ஆண்டில் ஆஸ்பத்திரிப் பயிற்சி எத்தனை வாரம், எந்த ஆஸ்பத்திரியில்? தேசிய ஆணையம் 2025இல் ஊட்டச்சத்து–உணவியல் படிப்புக்கு வெளியிட்ட பாடத்திட்டத்துக்கு மாறிவிட்டீர்களா? மூன்றுக்கும் தயங்காமல் பதில் வரும் துறையில் சேரலாம். ‘அதெல்லாம் சேர்ந்தப்புறம் பாத்துக்கலாம்மா’ என்றால் அடுத்த கல்லூரிக்கு நடையைக் கட்டுங்கள்.

பட்டத்தின் பெயரை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறோம்? ‘ஃபுட் டெக்னாலஜி’, ‘ஃபுட் பிராசஸிங்’ இரண்டும் நல்ல படிப்புகள்தான். ஆனால் அவை பிஸ்கட் கம்பெனிக்கும் பால் பண்ணைக்கும் ஆள் தயாரிப்பவை. டயட்டீஷியன் வேலைக்கு நேர்வழி இல்லை. ‘நியூட்ரிஷன் அண்ட் டயட்டெடிக்ஸ்’, ‘கிளினிக்கல் நியூட்ரிஷன்’, ‘ஃபுட் சர்வீஸ் மேனேஜ்மென்ட் அண்ட் டயட்டெடிக்ஸ்’ போன்ற பெயர்களைத் தேடுங்கள்.

தொலைதூரக் கல்வியில் முடித்துவிடலாம் என்ற நினைப்பை இப்போதே விட்டுவிடுங்கள். 2025 ஜூலை–ஆகஸ்ட் சேர்க்கையிலிருந்து உணவு–ஊட்டச்சத்துப் படிப்புகளைத் தொலைதூர வழியிலோ ஆன்லைனிலோ நடத்தக் கூடாது என்று யு.ஜி.சி. நிறுத்திவிட்டது. அதற்குப் பிறகும் ‘வீட்டிலிருந்தே டயட்டெடிக்ஸ் டிகிரி’ என்று போஸ்டர் ஒட்டியிருந்தால், அந்த போஸ்டர் ஒட்டிய சுவருக்குத்தான் அது உதவும்.

பட்டம் போதாது

பி.எஸ்சி.யோடு நிறுத்திக்கொண்டால் ஜிம், ஸ்கூல் கேன்டீன், உடல் எடைக் குறைப்பு நிலையம், இந்த மூன்றுக்குள்ளேயே சுற்ற வேண்டியதுதான். ஆர்.டி. தேர்வுக்கு அதற்கு மேல் படிப்பு வேண்டும்: இரண்டு ஆண்டு எம்.எஸ்சி., அல்லது டயட்டெடிக்ஸில் முதுநிலை டிப்ளமோ. அதோடு ஆறு மாத முழுநேர ஆஸ்பத்திரி இன்டர்ன்ஷிப்.

டிப்ளமோ ஓராண்டில் முடியும், செலவு குறைவு. எம்.எஸ்சி. இருந்தால் பின்னால் பாடம் சொல்லித்தரவும் முனைவர் பட்டம் செய்யவும் கதவு திறந்திருக்கும். வீட்டு நிலைமை அனுமதித்தால் எம்.எஸ்சி.யே மேல்.

இன்டர்ன்ஷிப்: தொழில் கைவரும் இடம்

வடசென்னைக்காரர்களுக்கு இதில் ஒரு வசதி. ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் வராத நோயே இல்லை. குடல், கல்லீரல் அறுவைக்கு ஊர் ஊராக அங்கே வருகிறார்கள். ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம்.மில் கர்ப்பிணிகள். ரயில்வேக்காரர் குடும்பங்களுக்குப் பெரம்பூர் ரயில்வே ஆஸ்பத்திரி. அரசு ஆஸ்பத்திரியில் இடம் கேட்கப் போகும்போது, துறைத் தலைவரின் கடிதத்தோடு டீன் அலுவலகத்தில் நேரில் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். சேர நினைக்கும் மாதத்துக்கு மூன்று மாதம் முன்பே தொடங்குவது நல்லது.

இடம் கிடைத்துவிட்டது என்று குதிக்கும் முன் ஒன்றைப் பாருங்கள்: அங்கே உங்களை மேற்பார்வை பார்க்கப்போகிறவர் ஆர்.டி.யா? இல்லையென்றால், அந்த இடத்தின் பயிற்சி ஏற்கப்படுமா என்று ஐ.டி.ஏ.வுக்கு மின்னஞ்சல் அனுப்பி, வந்த பதிலைப் பத்திரப்படுத்திய பிறகே சேருங்கள். வாய்ச்சொல்லை நம்பி ஆறு மாதம் உழைத்துவிட்டு, கடைசியில் விண்ணப்பம் திரும்பி வருவதுதான் இந்தத் துறையில் வயிற்றெரிச்சல்.

அங்கே போய் என்ன செய்வீர்கள்? முதல் சில வாரம் சமையற்கூடம். உப்பில்லாச் சாப்பாடு, சர்க்கரைச் சாப்பாடு, டியூப் ஃபீட் என்று தட்டு பிரித்து, எந்தப் படுக்கைக்கு எது என்று சீட்டு ஒட்டுவது. அலுப்பாக இருக்கும், ஆனால் தப்புகள் அதிகம் நடப்பதும் இங்கேதான். மூக்குக் குழாய்க்குக் கஞ்சியை வடிகட்டாமல் அனுப்பினால் குழாய் அடைக்கும். ஒவ்வொரு தடவையும் முன்னும் பின்னும் சுமார் 30 மி.லி. தண்ணீர் விட வேண்டும், தலைமாட்டை 30 முதல் 45 டிகிரி உயர்த்தியிருக்க வேண்டும்.

பிறகு வார்டு. அங்கே கற்றுக்கொள்ள வேண்டியது, புத்தகத்துக் கிராமை நோயாளி வீட்டுக் கரண்டிக்கு மாற்றுவது. ஓர் உதாரணத்தைக் கடைசி வரை போட்டுப் பார்ப்போம்.

காசிமேட்டில் வலை பின்னும் ஒருவர். சிறுநீரகம் போய், வாரம் மூன்று முறை டயாலிசிஸ். எடை 60 கிலோ. இந்த எடை எப்போது எடுத்தது என்பது முதல் கேள்வி. டயாலிசிஸுக்கு முன் எடுத்ததென்றால் அதில் உடம்பில் தேங்கிய நீரும் சேர்ந்திருக்கும். முடிந்தபின் வரும் எடையைத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். புரதம் கிலோவுக்கு 1.2 கிராம் என்றால் நாளைக்கு 72 கிராம். டயாலிசிஸ் தொடங்கும் முன் அவருக்குப் ‘புரதத்தைக் குறைங்க’ என்று எழுதிக்கொடுத்த பழைய சார்ட் வீட்டில் ஃபிரிட்ஜில் ஒட்டியிருக்கும். அதையே இன்னும் பின்பற்றினால் சதை கரையும். இதுதான் புதியவர்கள் கவனிக்காமல் விடும் முதல் இடம்.

சோறு, இட்லி எல்லாம் சேர்த்து அரிசி 250 கிராம்: புரதம் சுமார் 18. பருப்பு, உளுந்து 40 கிராம்: 9. முட்டை வெள்ளை மூன்று: 10. சுத்தம் செய்த மீன் 150 கிராம்: 28. பால் 150 மி.லி.: 5. மொத்தம் 70 வந்துவிடும். எண்ணெய் 30 மி.லி., கொஞ்சம் காய், ஒரு சிறு ஆப்பிள், சர்க்கரை சேர்ந்தால் 1,800 கலோரியை ஒட்டி வரும். மீனில் சதைப்பற்றான துண்டு நல்லது. நெத்திலியை முள்ளோடு மெல்லும்போது, சிறுநீரகம் போனவருக்கு ஆகாத பாஸ்பரஸும் கூடவே உள்ளே போகிறது.

இனிமேல்தான் சண்டை. அவர் மனைவி, “சிஸ்டர், கருவாடு இல்லாம இந்த ஆளு ஒரு வாய் துன்ன மாட்டாரு” என்பார். ‘கூடாது’ என்று மட்டும் எழுதினால் அன்று இரவே சட்டியில் கருவாடு கொதிக்கும். உப்பு நாளைக்கு 5 கிராம் என்றால் அதில் சோடியம் 2 கிராம். ஊறவைத்துக் கழுவினாலும் கருவாட்டின் உப்பு முழுக்கப் போகாது. அதே புளி, அதே பூண்டு, மிளகு போட்டுப் பச்சை மீனில் குழம்பு வைக்கும் முறையைச் சொல்லிக்கொடுங்கள். நாள் முழுக்கச் சமையலுக்கான உப்பை ஒரு சிறு டப்பாவில் காலையிலேயே அளந்து எடுத்துவைக்கச் சொல்லுங்கள். கூடவே எச்சரிக்க வேண்டியது, கடையில் விற்கும் ‘லோ சோடியம்’ உப்பு. அதில் சோடியத்துக்குப் பதில் பொட்டாசியம் இருக்கும். டயாலிசிஸ் நோயாளிக்கு அது இதயத் துடிப்பையே நிறுத்தக்கூடியது. ஆசையாக வாங்கிவந்து கொடுக்கும் இளநீரும் அப்படித்தான்.

காயிலும் பொட்டாசியம் உண்டு. அது குறைய, காய்களைத் தோல் சீவி, சின்னதாக நறுக்கி, நிறையத் தண்ணீரில் வேகவைத்து, நீரை வடித்துக் கொட்டச் சொல்லுங்கள். தண்ணீர் அளவு, முந்தின நாள் போன சிறுநீரோடு 500 மி.லி. டீ, ரசம், குழம்பு, நீராகாரம் எல்லாம் தண்ணீர்க் கணக்கில் சேரும். இதைச் சொல்லாமல் விட்டால் ‘தண்ணியே குடிக்கல சிஸ்டர்’ என்பவர் எடை இரண்டு டயாலிசிஸுக்கு நடுவே மூன்று கிலோ ஏறியிருக்கும்.

என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்பதிலும் ஒரு பக்குவம் இருக்கிறது. வேளை வேளையாகக் கேட்டால் ‘காலைல ரெண்டு இட்லி, மத்தியானம் சோறு’ என்று முடித்துவிடுவார்கள். மணிக்கணக்காகக் கேளுங்கள்: எழுந்ததும்? பத்து மணிக்கு? ஷிஃப்ட் முடிந்து வரும் வழியில்? அப்போதுதான் டீயும் பொறையும், பீச் ஸ்டேஷன் பக்கத்து அத்தோவும் வெளியே வரும். மணலியில் இரவு ஷிஃப்ட் பார்ப்பவர் ஆறு டீ குடிக்கிறார், டீக்கு இரண்டு ஸ்பூன் என்றால், சர்க்கரை மட்டும் 60 கிராம், 240 கலோரி. அவர் கணக்கில் அது சாப்பாடே இல்லை.

கையில் எப்போதும் இருக்க வேண்டியவை: 1 கிராம் துல்லியமுள்ள சமையல் தராசு, அளவு போட்ட டம்ளர், அளவு நாடா. ஒரு வாரம் உங்கள் வீட்டு இட்லி, தோசை, குழம்புக் கரண்டி எல்லாவற்றையும் எடை போட்டு எழுதி வையுங்கள். ‘ஒரு கரண்டி’ என்பது வீட்டுக்கு வீடு 40 கிராமும் இருக்கும், 100 கிராமும் இருக்கும்.

ஆர்.டி. தேர்வு

கொள்குறி வினாக்கள். உடலியங்கியல், உயிர்வேதியியல், ஊட்டச்சத்து, நோய்க்கான உணவு, உணவுச் சேவை மேலாண்மை, சமூக ஊட்டச்சத்து எல்லாவற்றிலும் கைவைக்க வேண்டும்.

சீனியர் கொடுத்த நோட்ஸை அப்படியே படிப்பவர்கள் ஓர் இடத்தில் மாட்டுகிறார்கள். அன்றாடச் சத்துத் தேவைக்கு ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில்) தந்த 2010 பரிந்துரையில் மாதிரி ஆணின் எடை 60 கிலோ, உட்கார்ந்து வேலை செய்பவருக்கு 2,320 கலோரி, புரதம் 60 கிராம். 2020 திருத்தத்தில் அது 65 கிலோ, 2,110 கலோரி, 54 கிராம். பெண்ணுக்கு 55 கிலோ, 1,660 கலோரி, 46 கிராம். பழைய எண் மனதில் பதிந்துவிட்டால் அழிப்பது கஷ்டம். முதல் நாளே புதியதைப் படியுங்கள். உணவுப் பொருள்களின் சத்து அளவுக்கு ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2017 அட்டவணை. உடல் நிறைக் குறியீட்டில் நமக்கு 23க்கு மேல் எடை கூடுதல், 25க்கு மேல் உடல் பருமன். வெளிநாட்டுப் புத்தகத்தின் 25, 30 இல்லை.

சமையற்கூடக் கணக்கை அலட்சியம் செய்யாதீர்கள். சுத்தம் செய்தபின் 60 விழுக்காடு தேறும் மீனை 100 பேருக்குத் தலா 75 கிராம் பரிமாற எவ்வளவு வாங்க வேண்டும்? தேவை 7.5 கிலோ; கழிவு 40 விழுக்காடுதானே என்று அதைக் கூட்டி 10.5 கிலோ என்று எழுதினால் தப்பு. 7.5ஐ 0.6ஆல் வகுக்க வேண்டும்: 12.5 கிலோ. காசிமேட்டில் மீன் வாங்குபவருக்கு இது சொல்லாமலே தெரியும்.

இனிஷியல் என்னும் தலைவலி

பத்தாம் வகுப்புச் சான்றிதழில் ‘கவிதா எஸ்’, ஆதாரில் ‘எஸ். கவிதா’, பட்டத்தில் ‘கவிதா செல்வம்’. நமக்கு மூன்றும் ஒரே ஆள்தான். ஆன்லைன் படிவத்துக்கு மூன்று பேர். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் இருப்பதை அடிப்படையாக வைத்து, ஆதாரை அதற்குப் பொருத்துங்கள். இதைப் பட்டம் அச்சாகும் முன் செய்ய வேண்டும். அச்சான பிறகு பல்கலைக்கழக வாசலில் நிற்க வேண்டியதாகிவிடும். கல்யாணத்துக்குப் பிறகு பெயர் மாற்றுவதாக இருந்தால் அரசிதழ் வழியாக மாற்றி, அந்த நகலை எல்லா விண்ணப்பத்தோடும் வையுங்கள்.

வேலையும் சொந்த கிளினிக்கும்

ரயில்வேயில் டயட்டீஷியன் பணி, சம்பள நிலை 7, தொடக்க அடிப்படைச் சம்பளம் 44,900 ரூபாய். பணியிடங்கள் குறைவு, 2019, 2024 போலச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறைதான் அறிவிப்பு வருகிறது. அதில் கேட்கும் தகுதி, பி.எஸ்சி.யோடு ஓராண்டு டயட்டெடிக்ஸ் முதுநிலை டிப்ளமோவும் மூன்று மாத ஆஸ்பத்திரிப் பயிற்சியும். அல்லது மனையியலில் பி.எஸ்சி.யும், உணவு–ஊட்டச்சத்தில் மனையியல் எம்.எஸ்சி.யும். உங்கள் பட்டத்தின் பெயர் இதிலிருந்து விலகியிருந்தால், சான்றிதழ் சரிபார்ப்பு நாளில் வாக்குவாதம் செய்து பலனில்லை. பல்கலைக்கழகத்திடம் சமன்மைச் சான்று முன்பே வாங்கியிருக்க வேண்டும்.

சொந்தமாக உட்காருகிறவர்கள் பலகையில் பட்டம், ஆர்.டி. எண், கவுன்சில் பதிவு எண் மட்டும் போடுங்கள். ‘டாக்டர்’ வேண்டாம். மருந்தை நிறுத்து, இன்சுலினைக் குறை என்று ஒருபோதும் எழுதாதீர்கள்; உணவு மாறுவதால் மருந்தளவு மாற வேண்டும் என்று தோன்றினால் மருத்துவருக்கு இரண்டு வரிக் கடிதம் எழுதி நோயாளி கையில் கொடுங்கள். சத்துமாவு அரைத்து விற்பதாக இருந்தால் உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. பதிவு தனி. ஆலோசனை சொல்லும் மேசையிலேயே பவுடர் டப்பாவை அடுக்கினால், சார்ட்டில் நீங்கள் எழுதும் எதையும் யாரும் நம்ப மாட்டார்கள்.

துபாய், கத்தார் போக நினைப்பவர்களுக்கு ஒன்று. அங்கே உங்கள் காகிதங்களை நீங்கள் காட்டினால் போதாது. சரிபார்க்கும் நிறுவனம் கல்லூரிக்கும் ஆஸ்பத்திரிக்கும் நேரடியாக எழுதிக் கேட்கும். நான்கு ஆண்டு கழித்து உங்கள் மேற்பார்வையாளர் வேறு ஊருக்கு மாறியிருப்பார், பதில் போட ஆள் இருக்காது, கோப்பு அப்படியே நிற்கும். ஆகவே இன்டர்ன்ஷிப் முடிந்த வாரமே, ஆஸ்பத்திரி லெட்டர்ஹெட்டில் தொடக்க நாள், முடிந்த நாள், மொத்த மணி நேரம், சுற்றிய வார்டுகள், மேற்பார்வையாளரின் ஆர்.டி. எண், முத்திரை எல்லாம் வைத்து மூன்று மூலப் பிரதிகள் வாங்கிவிடுங்கள். நிர்வாக அலுவலகத்தின் பொது மின்னஞ்சல் முகவரியையும் அதிலேயே எழுதி வாங்குங்கள்.